பித்தோன் தே நேஜில் ஓர் இரவு

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் பித்தோன் தே நேஜ் மலை ஏறப் போகிறவர்கள், முடிந்தால் முதல் நாள் இரவு சிலாவோஸ் ஊரில் தங்கிவிடுங்கள். அது ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும். மாமாவுக்கு விடுப்பு குறைவு என்பதால் நாங்கள் சேன் தெனி கடலோரத்திலிருந்து காலையில் கிளம்பி, அன்று இரவே 2,478 மீட்டரில் உள்ள மலைவிடுதியில் படுத்தோம்.

இரவுச் சாப்பாடு சோறும் சிலாவோஸ் பருப்பும். கூடவே ரம் வந்தது. மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உயரத்தில் மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை இன்னும் மந்தமாக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

விளக்கணைத்த பிறகு மேல்கட்டிலில் மாமாவின் மூச்சு வேகமாகி, சத்தமாகி, மெல்லத் தேய்ந்து, சட்டென்று நின்றது. பயந்து எழுந்து உட்கார்ந்தேன். சில விநாடிகளில் பெரிய இழுப்பு ஒன்று. மறுபடி அதே சுற்று. அவரும் விழித்துக்கொண்டார்.

"என்னம்மா, உனக்கும் தூக்கம் வரலையா?"

எல்லோரும் குளிரையும் பக்கத்துக் கட்டில் குறட்டையையும் குறை சொல்வார்கள். அவையும் காரணம்தான். ஆனால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆக்சிஜன் போதாமல் மூச்சு வேகமெடுக்கும். அதில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறிவிடும். அது குறைந்ததும் மூளை மூச்சை நிறுத்தி வைக்கும். ஆக்சிஜன் இறங்கியதும் மறுபடி இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் தூக்கம் கலையும். ஆழ்ந்த உறக்கம் குறையும். அன்று கேட்டதையும் பார்த்ததையும் மூளை பதித்து வைப்பது பெரும்பாலும் அந்த உறக்கத்தில்தான். இத்தாலிய மருத்துவர் ஆஞ்சலோ மோசோ 1890களிலேயே ஆல்ப்ஸ் மலையில் இப்படி நின்று நின்று வரும் மூச்சைப் பதிவு செய்திருக்கிறார்.

விடியலுக்கு முன்பே டார்ச் வெளிச்சத்தில் 3,070 மீட்டர் உச்சிக்கு ஏறினோம். கீழே மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். மாமா கைகாட்டினார்: "அது மஃபாத், இது சிலாவோஸ், அந்தப் பக்கம்..." பெயர் வரவில்லை. பல வருடமாக அந்தத் தீவில் வாழ்கிறவர்! கொஞ்ச நேரம் கழித்துத்தான் "சலாசி" என்றார். இதை உயரத்தின் மேல் மட்டும் போட மாட்டேன். மூளையின் நினைவு தெளிவாகத் தடுமாறுவது 4,000 மீட்டருக்கு மேல்தான். பெயர் மறந்துபோக அந்த அரைத் தூக்கமே போதுமானதாக இருந்தது.

தலைவலி, குமட்டல் மட்டும் வந்தால் பொறுத்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள். நடை தள்ளாடினாலோ பேச்சு குழம்பினாலோ விடியும்வரை காத்திருக்கவே வேண்டாம்.