பி27: ஒரு பிரதி போனாலே எலி மாறிவிடும்

ஒரே ஈற்றில் பிறந்த மூன்று ஆண் சுண்டெலிகள். ஒன்றுக்கு, செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் பி27 மரபணுவின் இரண்டு பிரதிகளும் உண்டு, அடுத்ததற்கு ஒன்று, மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. பத்து வார வயதில் தராசில் வைத்தால் மூன்றாவது கனத்து நிற்கும். முதலாவதைவிடக் கால் பங்கு கூடுதலாகக்கூட இருக்கும். நடுவில் உள்ள ஒற்றைப் பிரதி எலியின் எடையும் பெரும்பாலும் நடுவில்தான் விழும். அந்த நடு எலிக்காகத்தான் இந்தப் பதிவு. அதை "சாதாரண எலி" என்று எண்ணி ஒப்பீட்டுக் குழுவில் சேர்ப்பது பி27 எலி ஆய்வில் அடிக்கடி நடக்கும் தவறு.

பி27 புரதம், செல்லைப் பிரியத் தூண்டும் சைக்ளின் ஈ, சிடிகே2 புரத இணையைப் பற்றிக்கொண்டு, செல் ஜி1 என்ற வளர்ச்சிக் கட்டத்திலிருந்து டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டத்துக்குப் போகாமல் தடுக்கிறது. இந்த மரபணுவை நீக்கிய எலிகளை 1996இல் மூன்று குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. இரு பிரதியும் போன எலியில் வளர்ச்சி ஹார்மோன் கூடாமலேயே உடல் பெருக்கிறது. செல்கள் பருப்பதில்லை, எண்ணிக்கையில்தான் கூடுகின்றன. தைமஸும் (நெஞ்சில் உள்ள நோயெதிர்ப்பு உறுப்பு) மண்ணீரலும் உடல் விகிதத்தை மிஞ்சிப் பெருக்கும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் இடை மடலில் கட்டி வரும். பெண் எலிகளுக்குக் குட்டி தங்காது. உட்காதில் பிரிவதை நிறுத்த வேண்டிய செல்கள் நிறுத்தாததால் ஒலியை உணரும் மயிர்ச்செல்களும் அவற்றைத் தாங்கும் செல்களும் தேவைக்கு மேல் உருவாகி, காது கேட்காமல் போகும்.

பெண் மலடு என்பதால் பிரதியற்ற எலிகளைத் தங்களுக்குள் இணைத்து வளர்க்க முடியாது. ஒற்றைப் பிரதி எலிகளைத்தான் இணைக்க வேண்டும். குட்டிகள் இரு பிரதி, ஒற்றைப் பிரதி, பிரதியற்றவை என 1:2:1 விகிதத்தில் பிரியும். பாதிக் குட்டிகள் ஒற்றைப் பிரதி என்பதால், கைக்கு எளிதாகக் கிடைப்பவை அவைதான். அவற்றை ஒப்பீட்டுக்கு எடுக்கும் ஆசை வருவதும் அங்கேதான். ஆனால் 1998இல் வெளியான ஆய்வில், காமாக் கதிர்வீச்சோ வேதிப் புற்றுநோய்க்காரணியோ கொடுத்தபோது ஒற்றைப் பிரதி எலிகளுக்கும் கட்டிகள் கூடுதலாக வந்தன. அந்தக் கட்டிகளில் மிஞ்சிய நல்ல பிரதி சிதையாமல், செயல்பாட்டுடனேயே இருந்தது. அதாவது அளவு பாதியாகக் குறைந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. ஒப்பீட்டுக்கு இரு பிரதியும் உள்ள, அதே ஈற்றில் பிறந்த, அதே பாலின எலியை மட்டும் எடுங்கள். ஈற்றில் குட்டிகள் குறைந்தால் பால் அதிகம் கிடைத்து எடை கூடும். வேறு ஈற்று எலியோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதலை மரபணுவின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அடுத்த சிக்கல், எந்தக் குட்டிக்கு எத்தனை பிரதி என்று டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில். காது மடலில் 2 மி.மீ. துண்டு போதும். 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் ஈடிடிஏவும் கலந்த கரைசல் 75 மைக்ரோலிட்டரில் போட்டு, 95 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். ஆறியதும் 40 மில்லிமோலார் டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு 75 மைக்ரோலிட்டர் சேர்த்தால் காரம் சமனாகும். இதில் 1 மைக்ரோலிட்டர் எடுத்தால் போதும். பெரிய துண்டைப் போட்டால் நல்லது என்று தோன்றும். உண்மையில் திசுவின் கழிவு பிசிஆர் நொதியைத் தடுத்து, ஜெல்லில் பட்டையே வராது. நல்ல பிரதியையும் நீக்கிய பிரதியையும் ஒரே குழாயில் பார்க்க மூன்று பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) போடும் முறையில் சிறிய துண்டுதான் முந்திப் பெருகும். திரிபுப் பட்டை, அதாவது நீக்கிய பிரதியின் பட்டை, சிறியதாக இருந்தால், நல்ல பிரதியின் பட்டை மங்கி ஒற்றைப் பிரதி எலி பிரதியற்றதாகத் தோன்றும். பிரதியற்ற குட்டிகள் உயிரோடு, எதிர்பார்த்த விகிதத்தில் பிறக்கும் என்பதால் நூறு குட்டிக் கணக்கை எடுத்துப் பாருங்கள்: ஒற்றைப் பிரதி பாதிக்கு மிகவும் கீழே இருந்தால் எலியைச் சந்தேகிக்காதீர்கள், ஜெல்லைச் சந்தேகியுங்கள்.

எந்த இனத்தில் வளர்க்கிறோம் என்பதும் முடிவைப் புரட்டிப்போடும். சி57 பிளாக் 6 இனத்துக்குக் காட்ஹெரின் 23 மரபணுவில் உள்ள குறையால் வயதாக ஆகக் காது மந்தமாகும். எனவே கேட்கும் திறனை இளம் வயதிலேயே சோதியுங்கள். அந்த இனத்தின் 'என்' கிளையில் ஆர்டி8 என்ற விழித்திரைக் குறையும் இருக்கிறது. விழித்திரையில் மடிப்பைக் கண்டவுடன் பி27 மீது பழி போடுமுன் ஆர்டி8 சோதனை செய்துவிடுங்கள். பத்துத் தலைமுறை பின்கலப்பு (ஒவ்வொரு தலைமுறையையும் அதே இனத்தோடு மீண்டும் இணைப்பது) செய்தாலும் திரிபைச் சுற்றி ஏறத்தாழ 20 சென்டிமார்கன் (மரபணுத் தொலைவின் அலகு) அளவுக்குப் பழைய இனத்தின் துண்டு ஒட்டிக்கொண்டே வரும்.

தைமஸை எடைபோடும்போது வயதை நாள் கணக்கில் பொருத்துங்கள். அது வயதாக ஆகச் சுருங்கும். சண்டையிலோ நோயிலோ துன்பப்பட்ட எலியிலும் சட்டென்று சுருங்கிவிடும். கூண்டில் கடிபட்ட எலியின் தைமஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிட்யூட்டரியில் கை நிதானம் வேண்டும். மூளையைத் தூக்கும்போது அது கபால அடித்தளக் குழியிலேயே தங்கிவிடும். சாதாரண எலியில் சில மில்லிகிராம்தான். இடுக்கியால் பிடுங்கினால் மெல்லிய இடை மடல் கிழிந்து, பார்க்க வேண்டியதே போய்விடும். அடித்தள எலும்போடு சேர்த்து வெட்டி, 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் ஒரு நாள் வைத்த பிறகு சுரப்பியைப் பிரியுங்கள். மூன்று மடல்களும் ஒரே சீவலில் தெரியும்படி மெழுகில் பதியுங்கள். ஒற்றைப் பிரதி எலியின் சீவலையும், அது எந்த எலி என்று தெரியாமல் மறைத்து வைத்து, அதே வரிசையில் பாருங்கள்.