முகவரி எழுதுற இடம்

2025 பெப்ரவரி 6, வியாழன்

மத்தியானம் நான் வேலை செய்யும் கடைக்கு ஒருவர் நோட்டிஸ் ஒன்றை ஐம்பது போட்டோகொப்பி அடிக்கக் கொண்டுவந்தார். நகரசபைக் குடியிருப்பில் இரண்டு வீடு காலியாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கப் போகிறார்கள். மாதம் 4,500 ரூபாய். இந்த டவுனில் இரண்டு அறை வீட்டுக்கு 25,000 கேட்கிறார்கள், அதோடு ஆறு மாத அட்வான்ஸ். ஐம்பதையும் அவரிடம் எண்ணிக் கொடுத்தேன். ஐம்பத்தோராவதுக்கு என் காசை லாச்சியில் போட்டுவிட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரவு கணக்குப் பார்த்தோம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,350. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். மாதத்துக்கு இருபது பேர் விழுந்தால் நல்ல மாதம். அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, சங்கச் சந்தா, கோயில் காசு எல்லாம் கழியும். என் சம்பளம் 32,000. வருசக் கடைசியில் தம்பிக்கு உயர்தரப் பரீட்சை இருப்பதால் வகுப்புக் காசும் கட்டணும். 25,000 எங்களால் முடியாது. 4,500 என்றால் முடியும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதோடு முன்னால் இஸ்தோப்பும் பின்னால் ஒரு குசினியும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயன். போன நவம்பர் மழையில் குசினிச் சுவரில் மேலிருந்து கீழே வரை வெடிப்பு விழுந்தது. பார்க்க வந்த அதிகாரி, "வெடிப்புக்குக் குறுக்கே கடதாசி ஒட்டி வைங்க. கடதாசி கிழிஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம். அன்னைக்கே இறங்கிப் போயிடுங்க" என்றார். அம்மா கோதுமை மாவுப் பசை காய்ச்சி, பழைய கலண்டர் தாளைக் கீறி மூன்று இடத்தில் ஒட்டினார். காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் குப்பி லாம்பைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் பார்ப்பார். சாமி கும்பிடுவதே அதற்குப் பிறகுதான்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. அங்கேயும் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். எழும்பிப் போங்கள் என்றால் எங்கே போவது? இந்தக் கேள்விதான் எனக்கு மூன்று மாதமாக நித்திரையைக் கெடுக்கிறது.

தோட்டத்தில் தனி வீடு கட்டும் பட்டியலிலும் அம்மாவின் பெயர் இருக்கிறது. 2017இல் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் வந்து மலையகத்துக்கு இன்னும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்தபோது அம்மா லொறியில் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தவர். ஏழு பேர்ச் காணி, உறுதிப் பத்திரம், தனி வீடு. அந்த ஆசையை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது வரும்போது வரட்டும், அதுவரைக்கும் உயிரோடு இருக்க ஓர் இடம் வேணும் என்றுதான் சொன்னேன்.

பெப்ரவரி 20, வியாழன்

போம் எடுத்துவந்தேன். முழுவதும் சிங்களத்தில். எனக்கு வாசிக்கத் தெரியும், கடையில் தினமும் நிரப்புவதே இதுதானே. தெரியாத சனம் என்ன செய்யும்? தமிழும் அரச கரும மொழியாகி எத்தனை வருசம்!

தேவையானவை: அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்கள், சம்பளச் சிட்டை, பிரதேச செயலாளர் மேலொப்பம் வைத்த ஜீ.எஸ். (கிராம சேவகர்) சான்றிதழ், வேறு வீடு காணி இல்லை என்று சமாதான நீதவான் முன்னால் கொடுக்கும் சத்தியக்கடதாசி. எல்லாம் அலைந்தால் கிடைக்கும். நான் நின்றது முகவரி எழுதுற இடத்தில். வீட்டு இலக்கம், வீதி என்று இரண்டு கோடு. எங்களுக்கு இரண்டும் கிடையாது. எல்லாருக்கும் எழுதுவதைப் போல "மே/பா தோட்ட அத்தியட்சகர்", அதாவது அத்தியட்சகர் மூலமாக, என்று எழுதி, டிவிசன் பெயரையும் போட்டேன். ஒரே முகவரியில் எத்தனை நூறு குடும்பம்.

மார்ச் 4, செவ்வாய்

திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பதாரரின் பெயரில் லைட் பில் அல்லது தண்ணீர் பில் வேணுமாம். மீற்றர் இன்னும் செத்துப்போன அப்பாவின் பெயரில் இருக்கிறது. தண்ணீர் மலைப் பீலியில் வருகிறது, அதற்கு ஏது பில்?

கவுண்டரில் இருந்தவர் மேல் கோபமில்லை. அவர் கையில் இருந்த சுற்றறிக்கை அப்படி. வீடு உள்ளவனிடம் கேட்க வேண்டிய பத்திரத்தை வீடு இல்லாதவரிடம் கேட்கிற அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர் மேல்தான் கோபம்.

மார்ச் 27, வியாழன்

வழி கிடைத்தது. சத்தியக்கடதாசிக்குக் கையெழுத்துப் போட்ட ஓய்வுபெற்ற வாத்தியார்தான் சொன்னார்: "வாக்காளர் இடாப்புல பேர் இருக்கா மகள்? அதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேணும்? பிள்ளையளை ஸ்கூல்ல சேர்க்கவே அதைத்தானே கேக்குறாங்க."

ஜீ.எஸ். ஐந்து வருச இடாப்பை எடுத்துப் பார்த்தார். ஐந்திலும் அம்மாவின் பெயர் இருக்கிறது, லயன் இலக்கத்தோடு! பிரதிகளில் ஒப்பமும் முத்திரையும் வாங்கிக்கொண்டு நேரே நகரசபைக்குப் போனேன். ஏற்றுக்கொண்டார்கள்.

1948 சட்டத்தோடு மலையகத் தோட்டங்களில் இருந்த எங்கள் சனத்துக்குப் பிரஜாவுரிமை போனது. வாக்கும் அதற்குப் பின்னாலேயே போனது. ஆச்சிக்கு 2003ஆம் வருசச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. ஒரு முறை வாக்குப் போட்டார், அடுத்த வருசமே போய்ச் சேர்ந்துவிட்டார். முத்திரை விழுந்த பிரதியைக் கையில் வாங்கும்போது ஆச்சியின் ஞாபகம்தான் வந்தது.

ஏப்ரல் 23, புதன்

கை நடுங்க எழுதுகிறேன். நேர்முகத்துக்கு வரச்சொல்லி நகரசபை எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. கடிதத்தில் திகதி ஏப்ரல் 8. நேர்முகம் நேற்று.

வருசப் பிறப்புக்குத் தோட்ட ஒபீஸ் மூடியிருந்தது. திறந்த பிறகும் மற்றக் கடிதங்களோடு மேசையில் கிடந்திருக்கிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போன அம்மாவிடம் யாரோ இன்றைக்குக் கொடுத்திருக்கிறார்கள். தபால்காரர் ஒபீஸ் வரைக்கும்தான் வருவார், லயனுக்கு வரமாட்டார். வேலைக்கு வந்த கடிதம், பல்கலைக்கழகத்துக்கு வந்த கடிதம் என்று இப்படி நாள் பிந்திப் போன கதை ஒவ்வொரு லயனிலும் ஒன்று உண்டு. இனி எங்கள் லயனிலும்.

கடையில் சொல்லிவிட்டு நகரசபைக்கு ஓடினேன். அங்கிருந்த சிங்கள அக்காவிடம் கடித உறையைக் காட்டி என்ன நடந்தது என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அழாதீங்க நங்கி" என்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, வராதவர்களுக்கு வெள்ளிக்கிழமை இன்னொரு நாள் வைத்திருப்பதாகச் சொன்னார். இனிக் கடிதம் எல்லாம் கடை முகவரிக்கே அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். முதலாளி மறுப்புச் சொல்லவில்லை.

மே 7, புதன்

வெள்ளிக்கிழமை நேர்முகம் நல்லபடியாக முடிந்தது. நேற்று உள்ளூராட்சித் தேர்தல். வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன உத்தியோகத்தர்கள் தேர்தல் கடமையில் இருந்ததால் இன்னும் வரவில்லை.

மே 20, செவ்வாய்

வந்தார்கள். காம்பராவை நாடா பிடித்து அளந்தார்கள். எத்தனை பேர், எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தம்பி மேசை இல்லாமல் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் பலகை போட்டுப் படிப்பதைப் பார்த்து ஒருவர் கொப்பியில் ஏதோ எழுதினார். அம்மா அவர்களைக் குசினிக்குக் கூட்டிப்போய் மூன்று கடதாசியையும் காட்டினார். நடுத்தாள் இழுபட்டு நரம்பு மாதிரி நின்றது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

மே 29, வியாழன்

திங்கட்கிழமை இரவு முழுக்க மழை. விடியற்காலை நாலரைக்கு அம்மா என்னைத் தட்டி எழுப்பினார். "எழும்பு. நடுத்தாள் கிழிஞ்சிருச்சு." வேறு ஒன்றும் சொல்லவில்லை. பத்திரங்கள் இருந்த பிஸ்கட் டின்னையும் தம்பியின் புத்தகங்களையும் முதலில் எடுத்தோம். அடுத்த காம்பராக்காரர்களை எழுப்பிவிட்டு எல்லாருமாகக் கோயில் மண்டபத்தில் ஒதுங்கினோம். சுவர் இன்னும் நிற்கிறது. ஆனால் இனி அந்த இடத்தில் அம்மாவைப் படுக்கவிட மாட்டேன்.

நேற்று நகரசபையில் பட்டியல் போட்டார்கள். இரண்டு வீடும் இரண்டு குடும்பத்துக்குப் போயிருக்கிறது. ஒன்றில் கைப்பிள்ளையோடு ஒரு விதவைப் பெண். அவளுக்கு இல்லாமல் எனக்குத் தரவேண்டும் என்று கேட்க மனம் வராது. காத்திருப்போர் பட்டியலில் நாங்கள் மூன்றாவது. அடுத்த வருசத்துக்குள் வீடு ஏதும் காலியாகலாம் என்று அந்த அக்கா சொன்னார்.

முதலாளி தன் மைத்துனர் வீட்டுக்குப் பின்னால் உள்ள அறையை 10,000 வாடகைக்கு வாங்கிக் கொடுத்தார், ஒரு மாத அட்வான்ஸ்தான். சின்ன அறை. கூரை ஒழுகவில்லை. அம்மா வேலைக்கு இனி விடியற்காலை பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போகணும். காசு இறுகும். தம்பியின் ஒரு வகுப்பை நிறுத்தணும், எதை என்று அவனே சொல்லட்டும்.

முகவரி மாறியதை நகரசபைக்கு அறிவிக்க இப்போதுதான் கடிதம் எழுதி முடித்தேன். இலக்கம் 14/2, அதன் கீழே வீதியின் பெயர். மே/பா இல்லை. அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நம்பரைக் கொஞ்சம் பெரிசா எழுது, தபால்காரருக்கு வெளங்கணும்" என்றார். பெரிதாக எழுதினேன். நாளைக்குக் காலையில் பதிவுத் தபாலில் போடணும்.