மார்கழியில் கேட்ட சத்தம்

10 ஜனவரி 2024

ராத்திரி பதினோரு மணி. படுத்தபடியே அம்மா கேட்டாள்: “மாவு மிஷினை ஓட விட்டுட்டு என்னடா டைப் அடிச்சிட்டிருக்க?” கம்ப்யூட்டர் வாங்கி நாலு வருஷம் ஆகிறது, சத்தம் புதிதில்லை. மற்ற மாதங்களில் சீலிங் ஃபேன் அதை மூடிவிடும். மார்கழிக் குளிருக்கு ஃபேனை நிறுத்தியதும் இது தனிக் கச்சேரி வைக்கிறது.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு மூலையாகக் கேட்டேன். முக்கியக் குற்றவாளி, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரோடு பெட்டியில் வந்த சின்ன ஃபேன். அதற்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம், அது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120. அந்த அதிர்வைத் தகரம் வாங்கிப் பெரிதாக்குகிறது.

14 ஜனவரி, போகி

வீட்டில் பழையதெல்லாம் வெளியே போகும் நாள், நான் கேபினெட்டைப் பிரித்தேன். பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் தூசி பஞ்சு மெத்தையாக அடைந்திருந்தது. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையில் பென்சிலைக் கொடுத்து நிறுத்திக்கொண்டேன், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும்.

ஹீட்சிங்கை நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும். அதனால் முதலில் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி எடுத்தேன். சூட்டைக் கடத்த இரண்டுக்கும் நடுவில் தடவியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் சுவரில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதியது வைத்தேன்.

முழு வேலை கொடுத்தால் முன்பு 89 டிகிரி, இப்போது 81. இந்தப் பிராசஸரின் எல்லை 95.

17 ஜனவரி

சூடு குறைந்தும் எரிச்சல் குறையவில்லை. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் வெப்பம் 44இலிருந்து 60க்குத் தாவி அடுத்த நொடியே இறங்குகிறது. ஃபேன் அதன் பின்னாலேயே ஓடி மூச்சிரைக்கிறது. ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது மறந்துவிடும். ஏறி இறங்குவதைத்தான் மறக்காது.

கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் போய் 65 டிகிரி வரை ஃபேன் வேகம் மாறாமல் 40 சதவீதத்திலேயே இருக்கும்படி வைத்தேன். அதற்கு மேல் மெதுவாக ஏறி, 85இல் முழு வேகம். வேகம் மாறுமுன் சில நொடி பொறுக்கும் தாமதத்தையும் போட்டேன். ஹீட்சிங்க் உலோகம் சூடாக நேரம் பிடிக்கும் என்பதால் இதில் ஆபத்தில்லை. செலவில்லாத இந்த ஒன்றிலேயே பாதித் தொல்லை தீர்ந்தது.

21 ஜனவரி

புத்தி கெட்டுப்போய் முன்பக்க வலையில் மெத்தை ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினேன். பத்து நிமிடம் அமைதி. அப்புறம் காற்றில்லாமல் உள்ளே புழுங்கி, முன்பைவிடப் பெரிய இரைச்சல், ஹார்ட் டிஸ்க் 54 டிகிரி. பிய்த்து எறிந்தேன். சத்தம் வரும் வழியும் காற்று வரும் வழியும் ஒன்றுதான்.

3 பிப்ரவரி

120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த உயர ஹீட்சிங்க் வாங்கினேன். கடைக்குப் போகுமுன் பக்கத் தகடு வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்துகொண்டது நல்லதாயிற்று. அகலமான இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும் என்பது கணக்கு. இதில் முழு வேலையிலும் 66 டிகிரிதான்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பழைய சைக்கிள் ட்யூபைத் துண்டுபோட்டு, திருகுகளுக்கு வாஷராகக் கொடுத்தேன். ரீங்காரம் போயே போய்விட்டது. ரப்பர் நாற்றம் ரெண்டு நாள் இருந்தது.

5 மே

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஜனவரி ராத்திரிகளில் அறை 26 டிகிரி, இப்போது 36. அதே வேலைக்கு பிராசஸர் 76 காட்டுகிறது, சொல்லிவைத்தாற்போல் பத்து டிகிரி கூடுதல். எந்த ஹீட்சிங்கும் அறையைவிடக் குளிராக்கிவிட முடியாது. அதனால் பயாஸில் இரண்டு அமைப்புகளைச் சேமித்துவிட்டேன், ஒன்றுக்கு மார்கழி என்று பெயர், இன்னொன்று சித்திரை.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபேன் லேசாகக் ‘கிர்ர்’ என்கிறது. அதைத் திறக்கமாட்டேன், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மாற்ற வேண்டியதுதான்.

அம்மா இப்போது கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவதே இல்லை. “மேல டக்டக்னு அடிக்குதே, அதை எப்படா பார்ப்ப?” என்று சீலிங் ஃபேனைக் காட்டுகிறாள்.