மெதுவாக நடப்பவர் முன்னால்: பஸ்டைப் பாறைகளில் ஒரு சனிக்கிழமை

ஜெர்மனியின் டிரெஸ்டனில் படிக்கும் பல நாட்டு மாணவர்களான எங்கள் கூட்டம் மலேர்வேக், அதாவது 'ஓவியர் பாதை'யைத் துண்டு துண்டாக நடந்து வருகிறது. எல்பே ஆற்றங்கரை மணற்கல் மலைகளைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கும் மேல் போகும் பாதை அது. டிரெஸ்டன் ஓவியர்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்த வழியில் நடந்துதான் பாறைகளை வரைந்தார்கள். காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கும் இங்கே அலைந்தவர்தான். இந்தப் பகுதிக்கு 'சாக்ஸன் சுவிட்சர்லாந்து' என்ற பெயர் வந்ததே சுவிஸ் நாட்டிலிருந்து வந்து டிரெஸ்டன் கலைப்பள்ளியில் வேலை பார்த்த இரண்டு ஓவியர்களால் என்பார்கள்.

இந்தத் தடவை ஒரு பரிசோதனை. எங்கள் நடைகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: காலில் வேகம் உள்ளவர்கள் முன்னால் போய்விடுவார்கள், ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிடுவார்கள். பின்னால் வருபவர்கள் மூச்சு வாங்கி வந்து சேரும்போது, "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. அதனால் இந்த முறை கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவர் முன்னால், அவரை யாரும் தாண்டக்கூடாது என்று முடிவு செய்தோம். அந்தப் பொறுப்பு கோவையிலிருந்து வந்திருக்கும் ஜூனியர் மேல் விழுந்தது. "பின்னாடி வந்தா எனக்கு மூச்சு வாங்குறது யாருக்கும் தெரியாது அண்ணா. முன்னாடி போனா எல்லாரும் பார்ப்பாங்களே" என்றாள். நியாயமான கவலைதான்.

டிரெஸ்டனிலிருந்து எஸ்-1 ரயிலில் ஸ்டாட் வேலன். ரயில் நிலையம் ஒரு கரையில், ஊர் மறுகரையில். மோட்டார் படகில் கடந்தோம். இங்கே ஆற்றோர ஊர்களில் சுவர்களில் வெள்ள மட்டத்தைக் குறித்து வைத்திருப்பார்கள். 2002 ஆகஸ்ட் வெள்ளக் குறி நம் தலைக்கு மேலே நிற்கும். அப்போது டிரெஸ்டனில் எல்பே 9.40 மீட்டர் வரை ஏறியது. அன்று காலை எங்களுக்கு வெள்ளம் இல்லை, பனிமூட்டம்தான்.

ஏற்றம் ஆரம்பித்ததும் கொலம்பியாக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. கால்கள் ஒன்றோடொன்று இடிக்க, கைத்தடியைச் சுழற்றிக்கொண்டே வந்தான். ஆனால் கால் மணி நேரத்தில் ஒரு மாற்றம். வழக்கமாக ஏற்றத்தில் யாரும் பேசுவதில்லை, பேச மூச்சு இருக்காது. இன்று வரிசை முழுக்கப் பேச்சு. இந்தோனேசியத் தோழி பாதையோர மணலை அள்ளிக் காட்டினாள், கடற்கரை மணல் போலவே நைசாக இருந்தது. உண்மையில் கடல் மணல்தான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இங்கிருந்த கடலின் அடியில் படிந்து இறுகியதுதான் இந்த மலை. மழையும் பனியும் இன்றும் அதைத் திரும்ப மணலாக்கிக்கொண்டே இருக்கின்றன.

ஆற்றுக்கு மேல் நிற்கும் பஸ்டை பாறை உச்சிக்குப் போனதும் ஒரே ஜனக்கூட்டம். பின்பக்கம் கார் நிறுத்தும் இடம் இருப்பதால் குதிகால் செருப்போடுகூட வந்துவிடலாம். முதலில் மரத்தில் இருந்த பாலத்துக்குப் பதிலாக 1851இல் மணற்கல்லில் கட்டிய பாலம், 76.5 மீட்டர் நீளம். ஆறு 194 மீட்டர் கீழே. நாங்கள் போய்ச் சேரும்போது பனி பாதி கலைந்திருந்தது. ஆறு தெரியவில்லை, அதில் போன நீராவிக் கப்பலின் சங்கு மட்டும் கேட்டது. பழைய பார்வை மேடையின் அடியில் பாறை உதிர ஆரம்பித்ததால் அதை மூடிவிட்டார்கள். 2023இல் திறந்த புது மேடை பின்னாலிருக்கும் கெட்டியான பாறையில் பிடிமானம் கொண்டு, பலவீனமான முனையைத் தொடாமல் அதன் மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சிவில் படிக்கும் இருவர் எல்பேயைப் பார்க்காமல் அதன் அடிப்பக்கத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிரே ஒரு தனிப் பாறைத் தூணில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் ஏறுமுறை தனி. பாறை மென்மையானது என்பதால் இடுக்கில் இரும்புச் சாமான் செருகக்கூடாது. கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைத்தான் விரிசலில் சிக்க வைக்கிறார்கள். கைக்குச் சுண்ணப்பொடியும் கூடாது. பாறை நனைந்திருந்தால் ஏறவே கூடாது.

என்னைக் கேட்டால் பஸ்டையில் அரை மணி நேரம் போதும். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அதன் பின்னால் இறங்கும் ஷ்வேடன்லோகர் பள்ளம். முப்பதாண்டுப் போரில், 1639இல், சுவீடன் படை ஊரை எரித்தபோது மக்கள் ஒளிந்துகொண்ட இடுக்குகள். இப்போது சுமார் 700 படிகள். கல்லில் வெட்டியவை கொஞ்சம், மரம், இரும்பு கொஞ்சம். சில இடங்களில் முதுகுப் பை இரு பக்கமும் உரசும். இறங்க இறங்கக் குளிர் ஏறியது, கழற்றிய ஜாக்கெட்டுகளை எல்லோரும் திரும்பப் போட்டுக்கொண்டோம். கனமான குளிர்காற்று பள்ளத்தில் தங்கிவிடுவதால் இங்கே தாவரங்கள் தலைகீழ்: உயர மலையில் வளர வேண்டிய ஸ்ப்ரூஸ் மரங்கள் அடியில், வறட்சி தாங்கும் பைன் மரங்கள் உச்சியில். சுவரெல்லாம் பாசி, பெரணி.

இறங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி ஷூ கயிற்றை மாற்றிக் கட்ட வைத்தேன். மேலிருக்கும் கடைசி ஓட்டையில் கயிற்றை வெளியே விடாமல் அதே பக்கம் ஒரு வளையமாக விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் ஷூவுக்குள் நகராது. கால்விரல் முன்னால் இடிக்காது. முன்பெல்லாம் இறக்கத்துக்கு அப்புறம் கட்டை விரல் நகம் இரண்டு நாள் வலிக்கும், இம்முறை இல்லை. முழங்கால் வலி மட்டும் இருந்தது, அதற்குக் கயிறு என்ன செய்யும்.

ராத்தனில் எல்பேயைக் கடக்கும் படகு எனக்கு அன்றைய உச்சம். மோட்டார் சத்தமே கிடையாது. ஆற்றின் மேற்பக்கம் நங்கூரமிட்ட நீண்ட கம்பிவடத்தில் படகைக் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி படகைச் சற்றுச் சாய்த்துத் திருப்புகிறார், நீரோட்டம் பக்கவாட்டில் மோதி அதை அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. திரும்பி வர, சாய்வை மாற்றினால் போதும்.

அங்கிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம், கோனிக்ஸ்டைன். கோட்டைக்கு மறுபடியும் செங்குத்தான ஏற்றம். அப்போதும் கோவை ஜூனியரேதான் முன்னால், யாரும் சொல்லவில்லை. யாராலும் தாக்கிப் பிடிக்க முடியாத கோட்டை என்று பெயர். ஆனால் 1848இல் புகைபோக்கி சுத்தம் செய்யும் ஓர் இளைஞர் எந்தக் கருவியும் இல்லாமல் அந்தச் சுவரில் ஏறிவிட்டார். இங்கே சிறையிருந்த பிரெஞ்சு ஜெனரல் ஆன்ரி ஜிரோ 1942 ஏப்ரலில், 63 வயதில், கயிற்றில் இறங்கித் தப்பினார். 152.5 மீட்டர் ஆழக் கிணற்றையும் பார்த்தோம். 16ஆம் நூற்றாண்டில் சுரங்கத் தொழிலாளிகள் பாறையைக் குடைந்து தோண்டியது. மதில்மேல் நின்றபோது லிலியன்ஸ்டைன் மலை நேர் எதிரே தெளிவாகத் தெரிந்தது.

மொத்தத்தில் போன தடவையைவிட நேரம் கொஞ்சம் கூடியது, ஆனால் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கொலம்பியாக்காரன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சமதரையில் இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்கிறான், அது சரிதான். அடுத்தது ஹோன்ஸ்டைன் பக்கம். நவம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், ஆகவே கோட்டை கிடையாது, நடை மட்டும். தலைவிளக்கு இல்லாதவர்கள் இந்த வாரமே வாங்கிக்கொள்ள வேண்டும்.