பார்வை இரண்டில் மாட்டிக்கொண்டேன்

முக்கூடல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை நான். 68 பிள்ளைகளுக்கு என்னையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். மூன்றாவது பணியிடம் கேட்க பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், பதிவேட்டு நகல் எல்லாம் ஒரே நாளில் தயார். கடிதத்தை மட்டும் ஏஐயிடம் விட்டேன். அரை நிமிஷத்தில் பெறுநர், பொருள், பார்வை (ஆதாரமாகக் காட்டும் ஆணை, கடிதங்களின் பட்டியல்) என்று அச்சு அசல் அலுவலகக் கடிதம் வந்து விழுந்தது. அந்த அழகில்தான் ஏமாந்தேன்.

பஸ் ஏறித் திருநெல்வேலி கல்வி அலுவலகம் போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து நீட்டினால், கிளார்க் பொருளைக்கூடப் படிக்கவில்லை. விரல் நேராகப் பார்வை இரண்டில் போய் நின்றது.

“இந்த ஜி.ஓ.வ எங்க இருந்து எடுத்தீய டீச்சர்? நகல் இருக்கா?”

எண், தேதி, துறை எல்லாம் இருந்தது. அப்படி ஒரு அரசாணைதான் இல்லை. வாசல் வேப்பமரத்தடியில் நின்று ஏஐயிடமே கேட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு எண் கொடுத்தது. அதுவும் கட்டுக்கதை! அன்றைய லீவு போனதுதான் மிச்சம்.

திரும்பும் பஸ்ஸில் படித்தபோது இன்னொரு கூத்து. 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று எழுதியிருந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் அது ஆறு முதல் எட்டு வகுப்புக்கான கணக்கு. அதன்படி எங்களுக்கு இருவரே போதும்! தொடக்கப் பள்ளிக்கு 60 வரை இரண்டு பேர், 61 முதல் 90 வரை மூன்று பேர். நல்லவேளை, கிளார்க் அதுவரை போகவில்லை.

இரண்டாம் முறை சட்ட அட்டவணையை அப்படியே ஒட்டி, ‘இதிலிருந்து மட்டும் எழுது, பார்வையைக் காலியாக விடு’ என்றேன். பார்வையை என் கையால் நிரப்பினேன். கூட்டக் குறிப்பு எழுத வைக்கிறவர்களும் கவனியுங்கள்: ஒரு அம்மா எதிர்த்துப் பேசியிருந்தும் ‘ஒருமனதாக’ என்று போட்டிருந்தது. பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண் (அரசுப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்) எதையும் ஏஐக்குள் போடாதீர்கள்.

பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைக்கும் செய்தியை மட்டும் இனி நானே எழுதுவேன். ‘தங்கள் மேலான பங்கேற்பை’ என்று அது எழுதியதற்கு நாலு பேர் வந்தார்கள். ‘பீடிக்கடையில் கணக்குக் கொடுத்துட்டு அப்படியே எட்டிப் பாருங்க’ என்று நான் அனுப்பியதும் பெஞ்சு போதவில்லை.

மறுபடி போனபோதும் அதே கிளார்க், அதே விரல், அதே பார்வை இரண்டு. “நகல்?” என்றார். எடுத்து நீட்டினேன். ஒன்றும் பேசாமல் சீல் குத்தினார்.