140 குதிரைகளும் ஒரு லாண்ட்மாஸ்ரரும்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்கு ஏறிய விலையை அறிந்த உறவினர்கள், நான் கிளிநொச்சியில் ஓட்டுவதற்கென்று பழைய மஸ்டா 6 ஒன்றை வாங்கினேன் என்று கேள்விப்பட்டதும், முதலில் என் வருமானத்தையும் பிறகு என் புத்தியையும் சந்தேகித்தார்கள். உண்மையில், ஒரு சின்ன அல்ரோ காருக்குக் கேட்ட விலையிலேயே இந்தப் பெரிய செடான் எனக்குக் கிடைத்தது. இரண்டாயிரம் சிசி இயந்திரம் குடிக்கும் பெற்றோலை நினைத்து ஆட்கள் இத்தகைய கார்களின் கிட்டவே போவதில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான்.

இந்தக் காரின் முதலாம் தலைமுறை 2002இல் வெளிவந்தது; ஜப்பானில் இதற்கு அற்றென்சா என்று பெயர். முன் சில்லுகளை மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்குகின்றன, பின்னால் பல இணைப்புகள் பூட்டப்பட்டிருக்கின்றன, ஆகையால் வளைவில் வேகமாகத் திருப்பினாலும் உடம்பு அதிகம் சரியாமல் நிலத்தைப் பற்றிக்கொண்டு போகும். இந்தப் பெருமையைக் காட்டுவதற்கு முதலில் ஒரு வளைவு வேண்டும். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 வீதி பெரும்பாலும் நேராகவே கிடக்கிறது. நேர் வீதியில் கொஞ்சம் வேகம் பிடித்தாலும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, மறுபடியும் முதலாம் கியரிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போகும் துணிவு இந்தப் பக்கத்தில் எவருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

காலபோக அறுவடை முடிந்த கையோடு, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் மாமா எங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். மாமியை மாங்குளத்தில் ஏற்றினேன். இருக்கையின் தாழ்வைக் கண்டதும் கதவைப் பிடித்தபடி நின்று, "தம்பி, இது கிடங்குக்கை இறங்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அதன் பிறகு ஒட்டுசுட்டான் வரையில், இறங்கும்போது தன்னை யார் தூக்கிவிடுவது என்ற ஒரே விடயத்தையே பேசிக்கொண்டு வந்தார். வழி நெடுகிலும் வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். தடியோடு காவலுக்கு நின்ற பொடியன் ஒருவன், என் ரயர் நெல்லில் பட்டுவிடுமோ என்று பார்த்த பார்வையில் நான் சைக்கிளோடு சமமாக ஊர்ந்தேன்.

பிரதான வீதியிலிருந்து மாமாவின் வளவுக்குப் போவது ஒரு கிறவல் ஒழுங்கை. "ஒழுங்கை திறம், மருமோன், என்ரை மெசின் நாளாந்தம் போய் வாற பாதை" என்று மாமா தொலைபேசியில் உறுதி சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் பொய்யில்லை. உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுகள் நாளாந்தம் போய் வந்ததால் இரண்டு பக்கமும் வாய்க்கால்போலக் குழிந்து, நடுவில் ஒரு மண் திட்டு உயர்ந்திருந்தது. அந்தத் திட்டின்மேல் என் காரின் வயிறு போய் அமர்ந்துகொண்டது. இது முன் சில்லுகளால் இழுபடும் கார். அந்த இரண்டு சில்லுகளும் நிலத்தில் சரியாகப் பதியாமல் சுழன்று பின்பக்கமாகப் புழுதியை வாரி இறைக்க, 140க்குச் சற்று மேற்பட்ட குதிரைவலு முழுவதும் திறந்த யன்னலுக்குள்ளால் மாமியின் புதுச் சேலைக்குத் தூள் பூசுவதில் செலவாகியது.

பத்து நிமிடத்துக்குள் அயல் வயல்களில் நின்ற எல்லோரும் வந்துவிட்டார்கள். வன்னியில் ஒரு வாகனம் இறுகினால் உதவிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஆலோசனையைக் குறைக்கத்தான் வழி தேட வேண்டும். ஒருவர் ரயரில் காற்றைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் சில்லுக்குக் கீழே வைக்கோல் போடச் சொன்னார். மாமா மண்வெட்டியோடு திட்டை வெட்டத் தொடங்கினார். அப்போது பக்கத்து வயல் ஐயா ஒருவர் தன்னுடைய லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, கயிற்றை எதில் கட்டுவது என்று குனிந்து பார்த்தார். முன் சில்லின் இரட்டைக் கைகளில் ஒன்றைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "நல்ல பலமான சாமான், இதிலையே கட்டுவம்" என்றார். அந்தக் காரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அனைவரும் போற்றும் அதே பாகத்தை முத்தையன்கட்டிலும் ஒருவர் மெச்சியதில் எனக்குப் பெருமையாக இருந்தபோதிலும், அதில் கட்டி இழுத்தால் சில்லின் ஒழுங்கே போய்விடும் என்பதால், டிக்கிக்குள் கிடந்த கொக்கியை எடுத்துவந்து பம்பரின் சின்ன மூடியைக் கழற்றி முறுக்கிப் பூட்டினேன். பத்துப் பன்னிரண்டு குதிரைவலுவுக்கு மேல் மதிக்க முடியாத அந்த இரண்டு சில்லு இயந்திரம் டுக்கு டுக்கென்று இருமியபடி, என் காரை மாமியோடு சேர்த்தே வெளியே இழுத்துவிட்டது. மாமி இறங்க மறுத்துவிட்டார். இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே என்பது அவருடைய கவலை.

ஐயா காசு வாங்கவில்லை. சாப்பாடு முடிந்த பிறகு, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலடி வரையில் இந்தக் காரில் ஒருக்கால் ஏறிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். பிரதான வீதிக்கு ஏறியதும், குடிமனைக்கு வெளியே கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட 70 கிலோமீற்றரில் போனேன். ஐயா முன்னால் சாய்ந்து வேகமானியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இஞ்சை இருநூறுக்கு மேலையும் எழுதிக் கிடக்கு. நீர் எழுபதிலை நிக்கிறீர். மிச்சம் வேலை செய்யேல்லையோ?"

வேலை செய்யும், ஆனால் இந்த வீதியில் அதற்குச் சட்டம் இடம் கொடுக்காது என்று விளக்கினேன். கோயில் கோபுரம் தெரியும் வரையில் அவர் பேசவில்லை. பிறகு கதவைத் திறந்தபடி சொன்னார்: "அப்ப வாங்கேக்கையே அந்த மிச்சத்தைக் கழிச்சுப்போட்டு விலை பேசியிருக்கலாமே, தம்பி."