சும்மா உட்கார ஓர் இடம்

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் பென்னாகரம் செல்லும் நகரப் பேருந்தில் காலையில் ஏறியபோது, இருக்கைகளில் பாதிக்கு மேல் பெண்களே அமர்ந்திருந்தனர். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தக் கூட்டம் எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால், சன்னலோரம் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்த பக்கத்து இருக்கை அம்மா, "பஸ்ஸுல ஏறிட்டா எறங்குற வரைக்கும் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க கண்ணு" என்று சொன்னது, இந்தப் பயணம் முழுவதையும் நான் பார்த்த விதத்தையே மாற்றிவிட்டது. இலவசப் பயணத்தைப் பற்றிப் பேசும் நாம், மாதத்துக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்றே கணக்கிடுகிறோம். வீட்டில் கிடைக்காத தனிமை ஒரு பெண்ணுக்கு அறுபது பேர் நெருக்கியடிக்கும் பேருந்தில் கிடைக்கிறது என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பென்னாகரத்தில் இறங்கி, ஒரு தேநீர்க் கடையின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்த ஆண்கள் சற்று நகர்ந்து இடம்விட்டார்கள். கடைக்காரரோ உடனே உள்ளே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உள்ள வந்து உக்காருங்கம்மா" என்றார். அவர் மரியாதையோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த மரியாதை, தெருவைப் பார்த்தபடி தேநீர் குடிக்கும் உரிமையை ஆண்களுக்கு விட்டுவிட்டு, என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்கிறது. நான் பெஞ்சிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

ஒகேனக்கலில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. காவிரிக் கரையில் ஆண்கள் அரை ஆடையோடு பாறைகளில் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள், தேய்த்துவிடுபவர்களும் ஆண்களே. சற்றுத் தள்ளி, அடுப்புப் புகையில் கண் கலங்க நின்று, வருகிறவர்கள் வாங்கித் தரும் மீனைக் கழுவி, மசாலா தடவி வறுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அருவியைப் பார்க்க வந்த பெண்களோ சேலையும் சுடிதாரும் உடலோடு ஒட்ட அவசரமாகக் குளித்துவிட்டு, ஈரத்தோடு உடை மாற்றும் இடம் தேடி நடக்கிறார்கள். ஒரு காரியத்தின் பொருட்டு நிற்கும்வரை பொதுவெளியில் பெண்ணை யாரும் ஏனென்று கேட்பதில்லை. காரியம் ஏதுமின்றி ஆற்றைப் பார்த்துக்கொண்டு தனியே உட்கார்ந்தால்தான், "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்ற கேள்வி வருகிறது. அன்று மட்டும் அதே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் என்னிடம் கேட்டார்கள்.

இரவு, பென்னாகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தோழியின் உறவினர் வீட்டில் தங்கினேன். திண்ணையில் ஆண்கள்; தொலைக்காட்சி இருந்த கூடத்தில் மாமனார்; ஒரே அறையில் படிக்கும் பிள்ளைகள். வீட்டுக்கார அக்கா கேழ்வரகுக் களியைக் கிண்டி உருட்டி எல்லோருக்கும் வைத்துவிட்டு, கடைசியாகச் சமையற்கட்டில் தட்டோடு அமர்ந்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் தண்ணீருக்கும் கைப்பேசி மின்னூட்டிக்குமாக இரண்டு முறை எழுந்தார். அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவர் பெருக்கித் துடைப்பதுதான். ஆனால் கதவைத் தாழிட்டுக்கொள்ளக் குளியலறையைத் தவிர அவருக்கு வேறு இடமில்லை.

வெளியே ஆபத்து, வீடே பாதுகாப்பு என்று பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய, வளர்க்க விரும்பாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது என்பதை நினைத்தால், அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து வந்தது வீட்டுக்குள்ளிருந்துதான்.

இதே மண்ணில்தான் மாற்றத்துக்கான ஒரு வழியும் திறந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பட்டன. சேமிப்பும் கடனும் அவற்றின் நோக்கம். ஆனால் அந்த அக்கா தன் குழுவைப் பற்றிச் சொன்னபோது வட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருவதைப் பற்றியே பேசினார். "கூட்டம்னு சொன்னா வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கணக்கு அரை மணி நேரத்துல முடிஞ்சிரும், நாங்க எந்திரிக்க மாட்டோம்" என்றார். காரியத்தை முன்னால் வைத்து, அதன் பின்னால் தங்களுக்கான பொழுதை அவர்கள் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பொழுதுக்கு ஒரு கணக்கு நோட்டு சாட்சி சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது.

தனியாக ஒகேனக்கல் செல்ல விரும்பும் பெண்கள் காலையிலேயே கிளம்புவது நல்லது. மாலை வரை அவசரமின்றி இருக்கலாம். மாற்றுடையோடு ஒரு பெரிய துண்டும் எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறையை எண்ணித் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அது எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். தேநீரை வாசல் பெஞ்சிலேயே குடிக்கலாம். நகர்ந்து இடம் விடுகிறார்கள்.